7. புயலன்று பிறந்த பிள்ளை

பிரசவ வைராக்கியம் என்ற ஒன்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இடுப்பு வலியின் உச்சத்தில் "இதோட சரி, இனிமே வேண்டவே வேண்டாம்" என்று சத்தியம் செய்தவள், தலைச்சன் பிள்ளை தத்தித் தத்தி நடப்பதற்குள் அடுத்ததைச் சுமந்துகொண்டு நிற்பாள். வீட்டுப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே வளைகாப்புக்கு நாள் பார்ப்பார்கள்.

அதே பெண்ணிடம் எழுபது வயதில் அந்தப் பேறுகாலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். என்ன கிழமை, குறுவை அறுப்பா தாளடி நடவா, யார் வெந்நீர் போட்டது, மருத்துவச்சி என்ன சொன்னாள், குழந்தையின் அழுகை உடனே கேட்டதா, சற்றுப் பொறுத்துக் கேட்டதா என்று எல்லாம் வரும். வலியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு சுருங்கிவிடும். "வலிச்சுது. வலிக்காம பிள்ளை பொறக்குமா?"

ஒரே இரவில் நடந்தவைதாம். வலி தேய்ந்துவிட்டது, விளக்கு வெளிச்சம் தேயவில்லை. ஏன் இப்படி? 'தாயின் உடம்பில் சுரக்கும் ஏதோ ஒன்று வலியை அழித்துவிடுகிறது' என்பது பலரும் சொல்லும் விடை. அது பாதி விடைகூட இல்லை. அந்தத் தாய் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாளே, அது அப்படியே நடந்ததுதானா என்ற இன்னொரு கேள்வியும் உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு தாயின் சாட்சியம்

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, காவிரிப் பாசனத்தில் ஓர் ஊர். அங்கே ஓர் ஆச்சி. விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட பாத்திரம்தான். ஆனால் டெல்டாவில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தக் கதை ஏதோ ஒரு வடிவில் காதில் விழும்.

"பெரிய புயல் அடிச்சுதே, அன்னிக்கு விடியக்காலம் பொறந்தான் மூத்தவன். எங்க அம்மா வீட்டுலதான். தீபாவளி கழிஞ்சு ரெண்டாம் நாளு, சனிக்கிழமை. அமாவாசை இருட்டு, கரண்டும் இல்ல. அரிக்கேன் விளக்கு காத்துல அணைஞ்சிடாம எங்க நாத்தனா முறத்தால மறைச்சுக்கிட்டு நின்னா. மருத்துவச்சி கெழவி 'தலை தெரிஞ்சிடுச்சுடி ஆயி, இன்னும் ஒரே ஒரு தடவ முக்கு'ன்னா. விடிஞ்சு பாத்தா தாளடிப் பயிரெல்லாம் தண்ணிக்குள்ள. கடலோரத்துல ஆயிரக்கணக்குல சனம் செத்துப் போச்சுன்னு ரேடியோவுல சொன்னான்."

மகனின் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதி 1-6-1976. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்துவிட்டாலும், வீட்டில் பிறந்த பிள்ளைகளைப் பதிவு செய்யும் பழக்கம் கிராமங்களில் மெதுவாகத்தான் வந்தது. வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் சேர்த்துக்கொண்டு, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார் தலைமையாசிரியர். ஒரு தலைமுறையில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தது போலத் தெரிவது இதனால்தான்.

சான்றிதழை நம்புவதா, ஆச்சியை நம்புவதா?

தேதி எங்கே இருக்கிறது?

1977 நவம்பர் 12 அதிகாலை. வங்கக் கடலில் உருவான கடும் புயல் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரையைக் கடந்தது. கடற்கரையோடு நிற்காமல் உள்நாட்டுக்குள் புகுந்து, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை வரை மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. தமிழ்நாட்டில் 560 பேர் இறந்தார்கள். 10 லட்சம் பேர் வீடிழந்தார்கள். அன்று சனிக்கிழமை. முதல் நாள், நவம்பர் 11, அமாவாசை. அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை விடியலில், தீபாவளி எண்ணெய்க் குளியல்.

கிழமை, திதி, பண்டிகை, புயல், பயிரின் பருவம் என்று ஆச்சி சொன்ன ஐந்தும் ஒரே நாளில் வந்து சந்திக்கின்றன. ஒன்று தவறினாலும் மற்ற நான்கும் பிடித்து நிறுத்தும். சான்றிதழில் இருக்கும் ஜூன் மாதத்துக்கு ஒரு சாட்சியும் இல்லை. தேதியில் ஆச்சிக்கே வெற்றி.

ஆனால் அவர் '1977' என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மூளை நிகழ்ச்சிகளின் மேல் தேதி முத்திரை குத்துவதில்லை. எது எதற்கு முன், எதோடு சேர்த்து என்ற உறவுகளைத்தான் வைத்திருக்கிறது. தேதி வேண்டும்போது அந்த உறவுகளிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கிறது. கணக்குக்கு உதவும் பெரிய நிகழ்ச்சிகளை 'நினைவுக் கற்கள்' என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. 'கடந்த ஆறு மாதத்தில்' என்று கேட்டால் மக்கள் அதற்கு முன் நடந்ததையும் உள்ளே இழுத்துப் போட்டுச் சொல்கிறார்கள். 'செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்த பிறகு' என்று கேட்டால் அந்தப் பிசகு குறைகிறது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வயது தெரியாதவர்களிடம் உள்ளூரில் எல்லாரும் அறிந்த நிகழ்ச்சிகளைச் சொல்லித்தான் வயதைக் கணிப்பார்கள்.

தஞ்சைப் பகுதியில் இந்தக் கற்களுக்குப் பஞ்சமே இல்லை. 1924இன் காவிரிப் பெருவெள்ளம், 1934இல் மேட்டூர் அணை திறந்தது, 1952 நவம்பர் புயல், 1977 புயல், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2018 நவம்பர் 16 கஜா. இவற்றுக்கு நடுவே ஆண்டுதோறும் திரும்பி வரும் சிறு கற்கள்: ஆற்றில் தண்ணீர் வந்த நாள், நாற்றுவிட்ட நாள், அறுப்பு. மாதத்துக்கு ஒரு வேலையும், வேலைக்கு ஒரு மணமும் உள்ள வாழ்க்கை இது. அலுவலகத்தில் பன்னிரண்டு மாதமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதே வழக்கம் என்றிருந்தது, 2012 முதல் எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் பிள்ளை பெற்றவர்களுக்கு விளைச்சலோடு சேர்ந்து ஒரு நினைவுக் கல்லும் போயிற்று.

அந்த இரவு ஏன் ஒட்டிக்கொண்டது?

அதற்கு முந்தைய வாரம் ஆச்சி என்ன சமைத்தார் என்று கேட்டால் சொல்ல மாட்டார். அந்த ஓர் இரவு மட்டும் எப்படித் தங்கியது?

வலியும் பயமும் கூடும்போது சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. அது நேரடியாக மூளைக்குள் புகுவது கடினம். வேகஸ் என்ற நீண்ட நரம்பு வழியாகச் செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து அமிக்டலா தூண்டப்படுகிறது. அச்சம், ஆவல், அதிர்ச்சி இவற்றை எடைபோடும் சிறு பகுதி அது. பக்கத்திலேயே இருப்பது ஹிப்போகாம்பஸ், நிகழ்ச்சிகளைக் கோத்து வைக்கும் இடம். அமிக்டலா அதற்கு 'இது முக்கியம், இறுக்கிப் பதிந்துகொள்' என்று சொல்லிவிடுகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் கலிஃபோர்னியாவில் லாரி காஹிலும் ஜேம்ஸ் மெக்காவும். 1994இல் வெளியான அவர்களின் சோதனை எளிமையானது. ஒரு சிறுவனைப் பற்றிய படக்கதையைச் சிலருக்குக் காட்டினார்கள்; கதையின் நடுவில் அவனுக்குக் கோர விபத்து நேர்கிறது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது விபத்துப் பகுதி எல்லாருக்கும் நன்றாக நினைவிருந்தது. கதை பார்ப்பதற்கு முன் புரோப்ரனலால் மாத்திரை போட்டுக்கொண்டவர்களுக்கு மட்டும் அப்படி இல்லை. அந்த மாத்திரை அட்ரினலினின் வேலையைத் தடுப்பது. விபத்துப் பகுதியும் கதையின் மற்றப் பகுதிகளைப் போலவே அவர்களுக்கு மங்கிவிட்டது.

பேறுகாலம் இந்தச் சுரப்புகள் பொங்கும் நேரம். அதோடு தலைச்சன் பிள்ளை. அந்த அனுபவத்துக்கு முன்மாதிரியே இல்லை. நாலைந்து பெற்ற பாட்டிகளுக்கு மூன்றாவதும் நான்காவதும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதையும், முதல் பேறு மட்டும் தனித்து நிற்பதையும் கேட்டிருப்பீர்கள். இன்னொன்று: அந்த நிலையில் கவனம் குறுகிவிடுகிறது. கண் எதில் நிலைத்ததோ, காது எதைப் பிடித்ததோ அது ஆழமாகப் பதிகிறது. சுற்றியிருந்த மற்றவை நழுவிவிடுகின்றன. விளக்கும் மருத்துவச்சியின் குரலும் தங்கியது இப்படித்தான்.

தெளிவு வேறு, துல்லியம் வேறு

இனி ஆச்சியின் கதையில் இரண்டு இடங்களைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

கடலோரத்தில் ஆயிரக்கணக்கில் மாண்டதாக ரேடியோ சொன்னது உண்மை. ஆனால் அது இந்தப் புயல் அல்ல. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, ஆந்திரக் கடற்கரையில் திவிசீமைப் பகுதியை இன்னொரு புயல் தாக்கியது. கடல் பொங்கி ஊர்களை வாரிக்கொண்டுபோனது. தீட்டுக் கழியாமல் படுத்திருந்த அறைக்குள் ரேடியோ கொண்டுவந்த அந்தச் செய்தி, பிறந்த இரவோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்தது நாத்தனார். தலைச்சன் பேறுகாலம் நம் வழக்கப்படி தாய்வீட்டில். ஆச்சியே "எங்க அம்மா வீட்டுலதான்" என்கிறார். கணவனின் தங்கை, புயல் இரவில், அண்ணியின் பிறந்த வீட்டில் விளக்குப் பிடித்து நின்றிருப்பாரா? நாத்தனார் கூட இருந்தது இரண்டாவது பிள்ளைக்கு, புகுந்த வீட்டில். முறமும் விளக்கும் முதல் இரவுக்கு உரியவை. பிடித்த கை மட்டும் இரண்டாவது இரவிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. ஆச்சியிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் கண்ணுக்கு நாத்தனாரின் முகம் இப்போதும் தெரிகிறது.

இது ஆச்சிக்கு மட்டும் நேர்வதல்ல. 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்தது. மறுநாள் காலையே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 106 பேரிடம், செய்தியை எங்கே, யார் மூலம் அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் மீண்டும் கேட்டபோது, நாலில் ஒருவருக்கு முக்கிய விவரம் எல்லாமே தவறாக இருந்தது. தவறாகச் சொன்னவர்களின் உறுதியும் குறையவில்லை; அவர்கள் கையெழுத்தையே காட்டியபோதும் புதிய நினைவைத்தான் நம்பினார்கள். இப்படி மின்னல் வெட்டியது போல ஒளிர்ந்து நிற்கும் நினைவை 'மின்னொளி நினைவு' எனலாம். ஒளி கண்ணைக் கூசவைக்கும். அதற்காக அது காட்டுவதெல்லாம் சரியென்று ஆகாது.

காரணம், நினைவு எடுத்து எடுத்துப் பார்க்கும் புகைப்படம் அல்ல. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. கட்டியதைத் திரும்ப வைக்கிறது. விதைநெல்லைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டன் காலத்துச் சீரகச் சம்பா என்று நாம் பெருமையோடு சொல்லும் நெல்லில் பாட்டன் தொட்ட மணி ஒன்றுகூட இல்லை; ஆண்டுதோறும் விதைத்து, அறுத்து, மறுபடி விதைத்ததுதான். ரகம் அதேதான், ஆனால் பக்கத்து வயல் நெல் நாலு மணி கலந்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பிறந்து தங்காத பிள்ளைகளின் தாய்மார் இந்தக் கதையைச் சொல்ல யாரும் இடம் கொடுப்பதில்லை. "அதை ஏன் இப்போ" என்று வாயை அடைத்துவிடுவோம். அவர்களுக்கும் கிழமை தெரியும், விளக்கு தெரியும். கேட்க ஆள் இல்லை என்பதால் அது அழிந்துவிடுவதில்லை. பகிர வழியில்லாமல் உள்ளேயே சுழல்கிறது. கேட்பதுதான் நல்லது.

நினைவு இப்படிக் கலந்து மாறுமென்றால், தாய்மாரின் நினைவு நம்பத் தகாததா? இல்லை. அமெரிக்காவில் சியாட்டிலில் பேறுகால வகுப்புகள் நடத்திவந்த பென்னி சிம்கின், தம்மிடம் பயின்ற பெண்களிடம் குழந்தை பிறந்தவுடன் அனுபவத்தை எழுதி வாங்கி வைத்திருந்தார். 15 முதல் 20 ஆண்டுகள் கழித்து, 20 பேரை மீண்டும் சந்தித்து எழுதச் சொன்னார்; 1991இல் முடிவுகளை வெளியிட்டார். சில விவரங்கள் பிசகியிருந்தன. ஆனால் பெரும்பாலானவை அன்று எழுதியதோடு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தின. மருத்துவரும் செவிலியரும் பேசிய சொற்களைக்கூடத் திரும்பச் சொன்னார்கள். பலர் சொல்லும்போது அழுதார்கள்.

சேலஞ்சர் மாணவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? அவர்கள் செய்தி கேட்டவர்கள். இவர்களுக்கு அது உடம்பில் நடந்தது. பல மணி நேரம் நடந்தது. அதன் சாட்சியான பிள்ளை கண் முன்னே வளர்ந்தது.

வலிக்கு என்ன ஆயிற்று?

ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு கருப்பையைச் சுருங்க வைக்கிறது, பால் இறங்க வைக்கிறது. அது வலியின் நினைவையும் துடைக்கிறது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். மனிதத் தாய்மாரிடம் இது உறுதியாக நிறுவப்பட்டதல்ல. உண்மையில், எல்லாரும் மறக்கிறார்கள் என்பதே சரியில்லை.

ஸ்வீடனில் உல்லா வால்டன்ஸ்ட்ரோம் 1,300க்கு மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்தார். பிரசவமாகி இரண்டு மாதத்தில் வலிக்கு மதிப்பெண் கேட்டார். ஐந்து ஆண்டு கழித்து மறுபடி கேட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர் வலியைக் குறைத்துச் சொன்னார்கள். மூன்றில் ஒருவர் அதே மதிப்பெண்ணைச் சொன்னார். ஆறில் ஒருவர் கூட்டியே சொன்னார். யாருக்குத் தேய்ந்தது, யாருக்குத் தேயவில்லை என்று பிரித்துப் பார்த்ததில்தான் முக்கியமான செய்தி இருந்தது. பேறுகால அனுபவம் மொத்தத்தில் நன்றாக இருந்தது என்றவர்களுக்கு வலி தேய்ந்தது. மோசம் என்றவர்களுக்கு அப்படியே நின்றது.

இன்னொரு ஆய்வு இஸ்ரேலில், 2014இல் வெளியானது. வலி வந்துகொண்டிருக்கும்போதே, குறிப்பிட்ட இடைவெளியில் வலி எவ்வளவு என்று கேட்டுக் குறித்தார்கள்; இரண்டு நாள் கழித்தும் இரண்டு மாதம் கழித்தும் மறுபடி கேட்டார்கள். எத்தனை மணி நேரம் வலித்தது என்பது பிந்தைய நினைவில் ஏறக்குறைய ஒரு கணக்காகவே வரவில்லை. வலியின் உச்சமும், கடைசி நேரத்து வலியும் சேர்ந்துதான் நினைவைத் தீர்மானித்தன. உளவியலாளர் டேனியல் கானெமன் முன்பே வேறு மருத்துவச் சோதனைகளில் கண்டறிந்த 'உச்சமும் முடிவும்' என்ற விதி இது.

ஆச்சிக்குத் திரும்புவோம். முதல் நாள் மத்தியானமே இடுப்பு வலி எடுத்துவிட்டது, விடியற்காலைதான் பிறந்தது. பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாது. கதையில் அந்த மத்தியானத்துக்கும் மாலைக்கும் ஒரு வரிகூட இல்லை. தங்கியது கடைசிக் கால் மணி நேரம்: விளக்கு, குரல், 'இன்னும் ஒரே ஒரு தடவ'. முடிவு நல்லபடியாக அமைந்ததால் முன்னே இருந்த நீளம் மடங்கிவிட்டது. வலித்தது என்ற செய்தி இருக்கிறது. எப்படி வலித்தது என்பது எடுக்க வரவில்லை.

ஆனால் நூறு தாய்மாரில் மூன்று நான்கு பேருக்கு நேர்மாறாக நடக்கிறது. அந்த நேரம் அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது, கனவிலும் விழிப்பிலும். விபத்தில் தப்பியவர்களுக்கு வருவது போன்ற மன வடு இது. மருத்துவம் தேவைப்படும் நிலை. 'எல்லாம் மறந்துடும்' என்று அவர்களிடம் சொல்வது உதவாது.

பக்கத்தில் யார் நின்றார்?

சிம்கினின் பெண்களில் யார் மனநிறைவோடு நினைவுகூர்ந்தார்கள்? வலி குறைந்தவர்கள் என்றோ சீக்கிரம் பெற்றவர்கள் என்றோ சொல்ல முடியவில்லை. தன்னை மனுஷியாக நடத்தினார்கள், தன் பேச்சுக்கு மதிப்பு இருந்தது, தானே சாதித்தோம் என்ற எண்ணம் இருந்தவர்கள்தாம்.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். காவிரியில் வெள்ளம், பேறுகாலத்துக்கு வரவேண்டிய தாய் அக்கரையிலேயே நின்றுவிட்டாள், சிவபெருமான் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து நின்ற பிறகுதான் மகளுக்கே தெரிந்ததாம். அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்கு என்ன தேவை என்பதைக் காவிரிக்கரை மக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். இன்று அதற்கு அளந்த சான்றும் இருக்கிறது. பிரசவம் முழுவதும் ஒருவர் கூடவே இருப்பதைப் பற்றி 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு வெளியானது. அப்படித் துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் சற்றுக் குறைந்தது, சிசேரியன் குறைந்தது, அனுபவம் கசந்தது என்று சொன்னவர்களும் குறைந்தார்கள்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் உறவுப் பெண் ஒருவரைத் துணைக்கு அனுமதிக்கும் ஏற்பாடு 2000களிலேயே வந்தது. மத்திய அரசின் லக்‌ஷ்யா திட்டம் 2017 இறுதியில் தொடங்கி, பிரசவ அறையில் மரியாதையான நடத்தையையும் தர அளவுகோலில் சேர்த்தது. ஏட்டில் உள்ளது எல்லா அறைகளிலும் நடப்பதில்லை. 'பண்ணும்போது இனிச்சுதுல்ல, இப்போ எதுக்குக் கத்துற' என்ற பேச்சைக் கேட்ட பெண்கள் நம்மிடையே ஏராளம். முப்பது ஆண்டு கழித்தும் அந்த வாக்கியத்தை, சொன்ன குரலோடு சேர்த்துச் சொல்வார்கள். சொன்னவர் மறுநாளே மறந்திருப்பார். பிள்ளை பிறந்த பிறகு போடும் தையலும் அப்படித்தான். மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யும் வரை பொறுக்காமல் அவசரமாகப் போட்டால், அந்த வேதனைதான் முடிவாகிவிடுகிறது. முடிவுக்கு நினைவு கொடுக்கும் எடையை மேலே பார்த்தோம். அந்த ஐந்து நிமிடப் பொறுமைக்கும், 'முடிஞ்சுதும்மா, நல்லாப் பண்ணுன' என்ற ஒரு சொல்லுக்கும் செலவு ஒன்றும் இல்லை.

கருவுற்ற பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் இப்போது 'பிக்மி' என்ற கர்ப்பப் பதிவு எண் கொடுக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். பிறந்த நேரம், எடை, பிரசவ வகை எல்லாம் பதிவாகின்றன. அந்த 1977ஆம் ஆண்டுப் பிள்ளைக்கு நேர்ந்த சான்றிதழ்க் குழப்பம் இனி யாருக்கும் இல்லை. ஆனால் தாயின் சொல்லுக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. சிம்கினின் பெண்கள் செய்ததை இங்கும் செய்யலாம். தாய் சேய் நல அட்டையோடு வெறும் தாள் இரண்டை வைத்துத் தைத்துக் கொடுத்தால் போதும். வீட்டுக்குப் போகும் முன் அவளே எழுதலாம், எழுத வராவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியர் கேட்டு எழுதலாம். யார் கூட இருந்தார், என்ன சொன்னார், எது பிடித்தது, எது வலித்தது. இருபது ஆண்டுக்குப் பிறகு அந்தத் தாளையும் அவள் சொல்லும் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அதற்கு முன்பே, அடுத்த மாதமே, அந்தப் பிரசவ அறையை நடத்துபவர்கள் அதைப் படிக்கலாம்.